இமையும் நோக்கும்

நீலகிரியில் 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவை மூடுபனி சூழுங்கால் ஞாயிறு மறையுமேயன்றி அழியாது. மூப்பினால் தளர்ந்த மேலிமை கண்மணியை மறைப்பினும் கண்ணொளி கெடாமை அன்னதே. அம்மலைச்சாரலிற் கொழுந்து பறிக்கும் முதியார்க்குப் பார்வையை மறைக்கும் அவ்விமைத்தோலை அறுத்துத் திருத்துதல் பிணிநீக்கமேயாம். தனு இறைவன் உயிர்க்குத் தந்த கருவியாதலின் அதனைப் பேணுதல் குற்றமன்று.

இளமைத்தோற்றம் ஒன்றே கருதி அச்சிகிச்சையை நாடுவோர் அறிதற்குரியன சில உள: தையல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுக்கப்படும், வீக்கமும் கன்றலும் இரு வாரமளவும் நிற்றல் கூடும், கண்வறட்சியும் நேரலாம், தோல் நாளடைவில் மீண்டும் தளரும். இமை திருந்தினும் மூப்பு நீங்காது.

கண் உயிர் காட்டக் காணும். உயிர் இறைவன் காட்டக் காணும். கண்ணப்பர் கண்ணின் அழகை எண்ணாது அதனை இடந்து அப்பினார். ஆகலின், இமை திருந்திய கண் எதனை நோக்கும் என்பதே ஆராயற்பாலது.