சுடுகின்ற சக்கரம்

புதுச்சேரி மேடு பள்ளம் இல்லாத ஊர்; தெருக்களோ நூல் பிடித்தாற்போல் நேரானவை. அங்கேயும் ஒரு பழைய அம்பாஸடர் எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் முக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-ஆம் ஆண்டிலேயே அந்த வண்டியைச் செய்வது நின்றுவிட்டது, வைத்திருப்பவர்கள்தாம் விடுவதாயில்லை. நிறுத்திவிட்டுச் சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோனால், முன்சக்கரம் ஒன்று மட்டும் அனலாய் அடிக்கிறது. லைனிங் கருகும் நாற்றம் வேறு.

குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால், சுடுகிற இடந்தான் குற்றம் செய்த இடமா?

நல்ல மெக்கானிக் தீர்ப்புக்கு அவசரப்படுவதில்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்கிறார், இறுகி நிற்கிறது. பின்புறமுள்ள நிப்பிளைச் சற்றே தளர்த்துகிறார். அப்படியும் சக்கரம் விடவில்லையென்றால் கோளாறு அதனுள்ளேயே: உப்புக் காற்றில் துருவேறி இறுகிய சிலிண்டராகவோ, வலுவிழந்த ஸ்பிரிங்காகவோ இருக்கலாம். பிரேக் ஆயில் பீச்சிட்டுச் சக்கரம் சுழன்றால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள்.

இத்தோடு வண்டியை அனுப்பிவிடலாமே! சக்கரம்தான் சுற்றுகிறதே! ஆனால், அடுத்த முறை பெடலை மிதித்ததும் மறுபடி இறுகும். ஆறுதல் வார்த்தை வேறு, பரிகாரம் வேறு.

ஆகவே அவர் இன்னும் மேலே போகிறார். மறுபடி பெடலை மிதித்து இறுகவைத்து, ரப்பர் ஹோஸுக்கு முன்னாலுள்ள இணைப்பைத் தளர்த்துகிறார். அங்கே திறந்ததுமே சக்கரம் விட்டால் பிழை மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அப்போது பெரும்பாலும் மற்றச் சக்கரங்களும் சூடேறியிருக்கும். திறந்தும் விடவில்லையென்றால் பிழை ஹோஸில். வெளியே பார்த்தால் குறையில்லை. உள்ளே உப்பித் துவாரம் அடைபட்டிருக்கிறது. காலின் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது, திரும்பிவரத்தான் வழியில்லை.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இத்தகைய ஹோஸ்கள் எத்தனை! மேலிருந்து வரும் கட்டளை கீழே இறங்கும். கீழிருந்து ஒரு சொல் மேலே ஏறாது. கடைசியில் முகம் சிவந்து கத்துகிறவன் கடைநிலை ஊழியன். கெட்ட பெயரும் அவனுக்கே. அதற்காகச் சுடுகிறவனெல்லாம் நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. சோதிக்காமல் தண்டிப்பது எப்படி அநீதியோ, அப்படியே சோதிக்காமல் இரங்குவதும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஹோஸை மாற்றிவிட்டால் மட்டும் கணக்குத் தீர்ந்துவிடாது. பிறர் பிழையால் வெந்த சக்கரத்தின் லைனிங் கருகியிருக்கும், ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், கிரீஸ் உருகியிருக்கும். அதையும் பிரித்துப் பார்த்துச் செப்பனிட வேண்டும். குற்றமற்றவன் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் அவன் பட்ட காயம் ஆறிவிடுமா?

பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? சூடு மிஞ்சி ஆயில் கொதிக்கும். பெடல் அடியோடு இறங்கிவிடும். ஓயாமல் பிடித்துக்கொண்டிருந்த பிரேக், பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காது. பிடிக்கவும் விடவும் தெரிந்ததற்குத்தான் பிரேக் என்று பெயர். அதிகாரத்துக்கும் இலக்கணம் அதுவே.