விருந்தாளிக்கு மட்டுமா மரியாதை?



பகலெல்லாம் ஆபீஸிலோ பட்டறையிலோ வேலை. மாலையிலும் விடுமுறையிலும் நாலைந்து பேர் கூடிப் பாட்டு ஒத்திகை. கலியாண வீட்டிலும் திருவிழா மேடையிலும் சினிமாப் பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழுக்கள் பல இப்படித்தான் நடந்து வருகின்றன. பாட்டு பிறர் இயற்றியது. வரும்படியோ, ஒலிபெருக்கி வாடகையும் வண்டிச் சத்தமும் போகச் சொற்பம். ஆகவே அவர்களுக்கு உண்மையான கூலி சந்தோஷம் ஒன்றே.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க ஓர் ஆள் போதும். ஒருவர் ஒத்திகைக்கு நேரத்தில் வருவதில்லை. ஒருவர் தம் கிதார் சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார். இன்னொருவர் எல்லார் முன்னிலையிலும் பிறர் பிழையைச் சொல்லிச் சிரிக்கிறார். இவர்களைப் பொறுப்பதா, கண்டிப்பதா, விட்டு விலகுவதா?

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் பெரும்பாலும் பிறர் பாடல்களையே வாசித்துத் தேர்ந்தவர்கள். உலகப் புகழ் பெற்ற பின், 1969 ஜனவரி 10-ந் தேதி, அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிஸன் மனக்கசப்புற்று ஒத்திகையிலிருந்து எழுந்து போய்விட்டார். சமாதானமாகி அவர் திரும்பிய மறுநாள்களில், பில்லி பிரஸ்டன் என்னும் அமெரிக்க வாத்தியக்காரர் அவர்களோடு வாசிக்க வந்து சேர்ந்தார். அவர் வந்ததும் எல்லாருடைய நடத்தையும் சீர்பட்டது என்று ஹாரிஸனே பிற்காலத்தில் சொன்னார்.

சற்றே சிந்தியுங்கள். அந்த மரியாதையை பிரஸ்டனா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்? அது முன்னமே அவர்களிடம் இருந்தது. விருந்தாளிக்குக் கொடுக்க முடிந்ததைத் தோழனுக்குக் கொடாதிருந்தார்கள், அவ்வளவே. "என் சுபாவம் அப்படி" என்று நாம் சொல்லிக்கொள்வது பல சமயங்களில் சுபாவமல்ல, அசட்டை.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், இன்முகத்தை நீதியோடு சேர்ந்த ஒரு புண்ணியமாகவே வைத்தார். உண்மையின்றி மனிதர் கூடி வாழ முடியாதது போல, மகிழ்ச்சியின்றியும் கூடி வாழ முடியாது என்பது அவர் நியாயம். அப்படியானால் இன்முகம் நாம் போடும் பிச்சையல்ல, பட்ட கடன். ஆனால் அது முகஸ்துதியும் அல்ல. திருத்த வேண்டிய இடத்தில் பிறர் மனம் சற்று நோவதற்கு அஞ்சலாகாது என்றும் அவரே சொல்கிறார்.

ஆதலின் பிழையைச் சொல்லுங்கள். தனியே அழைத்து, ஒரே முறை, தெளிவாகச் சொல்லுங்கள். ஒத்திகை நேரத்தையும் பணப் பங்கீட்டையும் மேடை ஏறுமுன்பே பேசி முடியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். அதன் பிறகும் ஒருவர் மற்றவர்களை அவமதித்தே வந்தால், பிரிவது பாவமல்ல. ஆனால் ஊரெல்லாம் தூற்றாமல் பிரியுங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்னே, குழுவில் தொல்லைக்காரர் யார் என்று எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். அடுத்த ஒத்திகையில், பக்கத்தில் நிற்பவர் இன்றுதான் புதிதாக வந்த விருந்தாளி என்று நினைத்து நடந்து பாருங்கள். அப்படியே வீட்டுக்குத் திரும்பியதும், அடுப்படியில் நிற்பவளிடமும்.