தள்ளிவைத்த தரிசனம்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குச் சற்றுமுன் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷங்களே வெளியே வருகிறார். உடனே மலையுச்சியில் தீபம். ஒரு வருஷம் அந்த நேரடி ஒளிபரப்பை, டியூனர் கார்டு பொருத்திய வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். ஒழுங்காகப் பதிவாகிறதா என்ற கவலையில் மொட்டைமாடிக்கு ஏறவில்லை. தெருவில் ‘அரோகரா’ எழுந்து அடங்கியது.

பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது உரிமை மீறலல்ல என்று 1984இல், வீடியோ டேப் வழக்கொன்றில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சரிதான்; யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு?

பதிவில் தீபம் நான் நிறுத்தினால் நிற்கிறது; பின்னோக்கி ஓட்டினால் அணைகிறது. என் வசதிக்குக் காத்திருக்கும் ஒன்றை நான் பார்க்கலாம். தரிசிக்க முடியுமென்று தோன்றவில்லை. தவறிவிடக்கூடும் என்ற பயமும் தரிசனத்தில் சேர்த்திதான்.

மலைமேல் தீபம் 11 நாள் எரியும். மறுநாள் மாடிக்குப் போனேன்.