முட்டைக்கு அடியில்

கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடும் ஈரத்தோடும்தான் முட்டை வெளியே வருகிறது. ஓட்டின்மேல் பூசினாற்போல ஒரு மெல்லிய படலம் இருக்கும். சில நிமிடங்களில் அது காய்ந்து, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆனால் அது முழுக்கக் காய்வதற்குள்ளேயே வேறொன்று தொடங்கிவிடுகிறது. முட்டை ஆற ஆற உள்ளே மஞ்சளும் வெள்ளையும் சுருங்குகின்றன. சுருங்கிய இடத்துக்கு ஓட்டின் துளைகள் வழியே காற்று போகிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது அகன்ற முனையில் ஒரு குழிவு தெரியுமே, அந்தக் காற்றறை உண்டாகும் விதம் இது. காற்று போகிற வழியில் அழுக்கில் இருக்கும் கிருமியும் போகலாம். பிறகு எவ்வளவு கழுவித் துடைத்தாலும் உள்ளே போனது வெளியே வராது. காப்பாக இருந்த படலம்தான் போகும்.

ஆக, முட்டை விழுந்த முதல் சில நிமிடங்களில் அதற்கு அடியில் என்ன கிடந்தது என்பது பெரிய விஷயம். தீவனத்துக்கும் தடுப்பூசிக்கும் அலைகிற நாம் இதை யோசிப்பதே இல்லை. கிழிந்த சாக்கு, பழைய செய்தித்தாள், உடுத்திக் கழித்த சேலைத்துண்டு என்று கைக்கு அகப்பட்டதைப் பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ராஜபாளையத்தில் கைக்கு முதலில் அகப்படுவது பஞ்சு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய காலத்திலிருந்து இது நூலால் வளர்ந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். கழிவுப் பஞ்சும் அறுந்த நூலும் இங்கே அரிய பொருள்கள் அல்ல. முட்டையிடும் பெட்டியில் எதைப் பரப்பலாம் என்று யோசிக்கிறவர் கை தானாகவே அங்கே போகும். வெள்ளையாக இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, காயத்திலேயே வைக்கிற பொருள். முட்டைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். அந்த எண்ணத்தில் அன்பு இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கோழி தன் இடத்தைக் காலால் கீறும். கீறும்போது நூல் விரல்களில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க இறுகும். பெரிய கோழியாவது இழுத்துக்கொண்டு நொண்டும்; பொரிந்த குஞ்சின் காலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்று விரலே கருகிப்போகும். கண்ணில் பட்டதைக் கொத்துவது கோழியின் இயல்பு. விழுங்கிய நூல் இரைப்பையில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். ஈரம் பட்ட பஞ்சு காற்றுப் புகாமல் அப்பிக்கொண்டு எளிதில் காயாது. நம் உள்ளங்கைக்கு மென்மையாகத் தெரிந்த அதே பொருள் அங்கே கண்ணியாகிவிடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உமி மலிவு, ஈரம் தங்காது, ஆனால் கோழி இரண்டு கீறு கீறினால் பாதி வெளியே சிதறும். முட்டை வெறும் பலகையில் கிடக்கும். தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோட்டத்துக்கு அது வரம், முட்டைக்கு அது ஈரப் படுக்கை. காய்ந்தால் தூசி. மரத்தூளிலும் அதே தூசித் தொல்லை. மணல் அடைக்கூடையின் அடியில் இருக்கலாம், ஆனால் மேலே ஏதாவது ஒரு மெத்தை வேண்டும். கடலைத்தோல் பரவாயில்லை, மழையில் நனையாமல் வைத்திருந்தால்.

மிஞ்சுவது வைக்கோல். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பால்கோவாவுக்குப் பால் வேண்டும், பாலுக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். அதனால் இந்த வட்டாரத்தில் வைக்கோலின் முதல் உரிமை மாட்டுக்கு. கோழிக்குக் கிடைப்பது மாடு ஒதுக்கிய மிச்சம், சில சமயம் கட்டின் அடியில் பூத்துப்போன பகுதி. ‘மாடு தின்னாது, கோழிக்குப் போடு’ என்பது எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது! மாடு ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் வித்துகள் இருக்கும். அடையில் இருக்கும் கோழி இருபத்தொரு நாளும் அதன்மேல் மூச்சுவிடும். பொரிந்த குஞ்சு முதல் மூச்சிலேயே அதை உள்ளே இழுக்கும். சில நாளில் வாயைத் திறந்து திணறும். நோய் எங்கிருந்து வந்தது என்று தண்ணீரையும் தீவனத்தையும் சந்தேகப்படுவோம்.

களத்தில் அடித்துக் காயவைத்துப் படப்பு போட்ட காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. இப்போது இயந்திரம் அறுத்துப் போடுகிறது, இன்னோர் இயந்திரம் உருட்டிக் கட்டுகிறது. வயலின் ஈரம் போகுமுன் உருட்டிய கட்டு வெளியே பொன்னிறமாகவும் உள்ளே கருத்தும் இருக்கும். எனவே கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்க்க வேண்டும். புழுங்கல் வாடை அடித்தால் அது குப்பைக் குழிக்குத்தான்.

வைக்கோலை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம் அதன் மென்மை அல்ல. பஞ்சோடு பார்த்தால் அது முரடு. கோழியால் அதைக் கொண்டு வேலை செய்ய முடிகிறது. இதைப் புரிந்துகொள்ள மேற்கே மலையைப் பார்க்க வேண்டும். செண்பகத்தோப்பைத் தாண்டி ஏறும் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சாம்பல் நிறக் காட்டுக்கோழியும் அந்தக் காட்டு வாசிதான். தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் முற்றத்தில் மஞ்சள் காலோடு மேயும் கோழிக்கு இந்த மலையின் காட்டுக்கோழி தூரத்து உறவு.

அந்தக் காட்டுக்கோழிக்கு யாரும் பெட்டி வைப்பதில்லை. புதர் அடியில் தரையைக் கீறி லேசாகக் குழிக்கும். சருகும் காய்ந்த புல்லும் சேர்க்கும். உள்ளே உட்கார்ந்து உடம்பைச் சுற்றிச் சுற்றி, நெஞ்சால் அழுத்தி, தன் அளவுக்கு ஒரு கிண்ணம் ஆக்கும். வீட்டுக்கோழியும் இதையேதான் செய்கிறது. முட்டையிடுவதற்கு முன் அது இருப்புக்கொள்ளாமல் அலையும், இரண்டு மூன்று இடம் பார்க்கும், கேறும். பிடித்த இடத்தில் உட்கார்ந்து சுழலும். ஒரு வைக்கோலை அலகால் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளும். நாம் அழகாகச் செய்து வைத்த பெட்டியை விட்டுவிட்டு அது அடுத்த வீட்டில் முட்டையிடப் போவதும், “மதினி, உங்க கோழி எங்க படப்புல வந்து கேறுது” என்று சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல் வருவதும் இதனால்தான். படப்பில் அதற்குக் குடைய இடம் கிடைக்கிறது.

நாமக்கல் பண்ணைகளின் கம்பிக் கூண்டில் அடியில் எதுவும் இல்லை. தளம் சரிவாக இருக்கும். முட்டை உருண்டு முன்னால் வந்து நிற்கும். எச்சம் கீழே விழுந்துவிடும். முட்டை சுத்தம், விலை மலிவு. பள்ளிப்பிள்ளைகளின் தட்டுக்கு முட்டை வருவது அந்த மலிவால். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அங்கேயும் முட்டையிடும் நேரம் நெருங்கினால் கோழி அலைகிறது. வெறுங்கம்பியில் உட்கார்ந்து, இல்லாத சருகைக் கூட்டுவதுபோல் அசைகிறது. கூடு கட்டும் அசைவுகள் அத்தனையும் இருக்கின்றன, கூடுதான் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் இத்தகைய வெறுங்கூண்டுகளைத் தடை செய்து, கூண்டு என்றாலும் முட்டையிடத் தனியிடமும் கீறக் கிளற ஏதாவதும் இருக்க வேண்டும் என்றது. நம் சட்ட ஆணையமும் 2017-இல், தன் 269-ஆவது அறிக்கையில், முட்டைக்கோழிகளை வைத்திருக்கும் முறையைப் பற்றிப் பேசியது.

பஞ்சுப் பெட்டியும் கம்பிக் கூண்டும் எதிரெதிராகத் தெரிகின்றன. ஒன்றில் அன்பு கூடுதல், மற்றதில் கணக்கு கூடுதல். ஆனால் இரண்டிலும் கோழிக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. ஊரிலிருந்து தாயை அழைத்துவந்து குளிரூட்டிய அறையில் வைத்து, ‘நீ ஒன்றும் செய்ய வேண்டாம்மா’ என்று ஒரு பாத்திரத்தைக்கூடத் தொட விடாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் குறை வைக்கவில்லை. அந்தத் தாய்க்கு அது கடைசிவரை மகன் வீடாகவே இருந்துவிடுகிறது. இன்னொரு உயிருக்கு இடம் கொடுப்பதென்றால், அந்த இடத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும் வேலையையும் அதற்கே விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டால், பெறுகிறவர் அங்கே விருந்தாளி.

ஐப்பசி மழை தொடங்குமுன் பெட்டிகளை வெளியே எடுத்து வெயிலில் காயவையுங்கள். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி, ஓரடி அகலம், ஓரடி ஆழம் போதும். காய்ந்த, வாடை இல்லாத வைக்கோலைச் சாண் அளவுக்கு நறுக்கி, நாலு விரல் உயரத்துக்கு மேல் போடுங்கள். செள்ளுத் தொல்லை இருந்தால் கைப்பிடி நொச்சி இலையையோ வேப்பிலையையோ காயவைத்து அடியில் போடலாம். எச்சம் பட்டதை அன்றன்றே எடுத்துவிடுங்கள். மேலே தட்டிச் சமப்படுத்த வேண்டாம், குழியும் பறிக்க வேண்டாம். மில் நூலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாதீர்கள்.