வளர்த்த கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று தேர் வடம் பிடிக்கிற கூட்டம் கொண்டாடுவது, கண்டெடுத்த ஒரு குழந்தையின் பிறந்தநாளை. நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கிடந்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் தூக்கிவந்து மகளாக வளர்த்தார் என்பது ஊரின் நம்பிக்கை. கண்ணனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டி, நீராட்டி, பூச்சூட்டிப் பாடியவரும் அவரே. பெறாத பிள்ளைக்குத் தாயும் தகப்பனுமானவரின் ஊரில் நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வளர்ந்த மனிதரின் பதற்றம் பிறப்போடு வந்ததா, வளர்ப்பில் வந்ததா?

கனடாவின் மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனி குழுவினர் இதை எலிகளிடம் கேட்டார்கள். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும். சில அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நிறைய நக்கப்பட்ட குட்டிகள் பெரிதானபின், நெருக்கடியில் அவற்றின் உடம்பில் மன அழுத்த ஹார்மோன் குறைவாகவே ஏறியது என்று 1997இல் எழுதினார்கள். பிறகு குட்டிகளை மாற்றி வைத்தார்கள். நக்காத தாய் ஈன்ற குட்டி, நக்கும் தாயிடம் வளர்ந்தால் அதுவும் நிதானமான எலியாகவே ஆனது. 2004இல் காரணமும் ஓரளவு துலங்கியது: அந்த ஹார்மோனை அடக்கும் மூளைப் பகுதியில், மரபணு வேலை செய்யும் விதத்தையே தாயின் நாக்கு மாற்றியிருந்தது.

மனிதரில் அந்த ஹார்மோனின் பெயர் கார்ட்டிசால். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. காலையில் ஏறி, இரவில் இறங்கும். ஆபத்தில் ஏறவேண்டும், ஆபத்து கழிந்ததும் இறங்கவேண்டும். அந்த ஏற்ற இறக்கம் பழகுவது கைக்குழந்தைப் பருவத்தில். அழுதால் ஒரு கை வரும் என்று உடம்பு கற்றுக்கொள்கிற காலம் அது.

கை வராத குழந்தைகளை ருமேனியா பார்த்தது. புக்காரெஸ்ட் அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை ஆய்வாளர்கள் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். சுமார் 12 வயதில் சோதித்தபோது, இல்லத்திலேயே விடப்பட்டவர்களுக்கு நெருக்கடியிலும் கார்ட்டிசால் மந்தமாகவே ஏறியது. உடம்பு பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டதுபோல. இரண்டு வயதுக்குள் ஒரு வீட்டுக்குப் போனவர்களுக்கோ, குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் போலவே ஏறியது. அந்த இல்லங்களில் சோறும் துணியும் இருந்தன; ஆட்கள்தான் ஷிப்டுக்கு ஷிப்டு மாறினார்கள்.

மனிதர் எலியல்ல. மரபணுவுக்கும் வறுமைக்கும் கர்ப்பகாலத்து உடல்நிலைக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை பதற்றக்காரனாக வளர்ந்தால் அம்மாவைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்ற இந்த ஆய்வுகளை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை சொல்வது வேறு: பெற்றவள்தான் தூக்கவேண்டும் என்பதில்லை, தூக்குகிறவர் மாறாமல் இருக்கவேண்டும். கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் பாட்டிகள் காலங்காலமாகச் செய்துவந்ததும் அந்த வேலைதான்.

ஆனால் பாட்டியும் இப்போது வேலைக்குப் போகிறார். ராஜபாளையத்து நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளும் பெண்களின் உழைப்பில் ஓடுகின்றன. பேறுகால விடுப்பை 26 வாரமாக்கிய 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. நல்ல சட்டம். பத்துப் பேர் நிற்கும் தறிக்கூடத்துக்கு அந்தக் காப்பக விதி எட்டாது. அங்கன்வாடியோ இரண்டு வயதான பிள்ளைக்குத்தான் பள்ளி. ஆறு மாதக் குழந்தைக்கு அங்கே கிடைப்பது சத்துமாவு. விடுப்பு முடிவதற்கும் அங்கன்வாடி வாசல் திறப்பதற்கும் நடுவே ஒன்றரை வருடம் இருக்கிறது. புக்காரெஸ்ட் குழந்தைகளில் கார்ட்டிசால் சீரானதும், அந்த வயது முடிவதற்குள் வீடு கிடைத்தவர்களுக்குத்தான். தறிக்கூடங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு காப்பகம் வைக்கட்டும். அரசு பாதிச் செலவை ஏற்கட்டும். அதில் வேலைக்கு வைக்கிற ஆயாவுக்கு, இரண்டு வருடமாவது விட்டுப்போகாதபடி மரியாதையான சம்பளம் கொடுக்கட்டும்.