மஞ்சள் கடுதாசியும் மறுமைக் கணக்கும்



நம் மதுரைப் பக்கத்தில் வியாபாரம் நொடித்துப் போன ஒருவரைப் பற்றிப் பேசும்போது, ‘அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கோர்ட்டுப் படியேறிப் பழகியவர்கள் ‘ஐ.பி. போட்டுவிட்டார்’ என்பார்கள். எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். வாங்கிய கடனைக் கொடுக்க என்னால் முடியவில்லை, இருக்கிற சொத்தை எடுத்துக்கொண்டு எனக்கு விடுதலை தாருங்கள் என்று அவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. ஜும்ஆவுக்கு வந்தாலும் கடைசி ஸப்பில் நின்றுவிட்டு, ஸலாம் கொடுத்தவுடன் செருப்பைத் தேடுகிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் வருகிறது. கடன் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் தகவல் போய், அவர்கள் கூடியிருக்கும் இடத்தில் அவர் போய் நிற்க வேண்டிய நாள். ‘முடிந்தவரை வாய்தா வாங்குங்கள், போனாலும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம்’ என்று யோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. சட்டத்துக்கு அது போதும். மார்க்கத்துக்கு அது போதுமா? கோர்ட்டு விடுவித்துவிட்டால் அல்லாஹ்விடத்திலும் விடுதலையாகி விட்டோமா? இந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். சென்னைப் பட்டணத்துக்கு 1909-ஆம் வருடத்துச் சட்டம். மதுரை போன்ற வெளியூர்களுக்கு 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் மனுப் போடலாம் என்று அது சொல்கிறது (அந்தக் காலத்து 500 ரூபாய் என்பதை நினைவில் வையுங்கள்!). 2016-இல் புதிய சட்டம் வந்தது உண்மை. ஆனால் தனி நபர்களுக்கான அதன் பகுதி 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலாயிற்று. மண்டிக்காரரையும் பெட்டிக்கடைக்காரரையும் அது பழைய சட்டத்திலேயே விட்டுவிட்டது.

அந்தப் பழைய சட்டப்படி மனுப் போட்டவர் கணக்குப் புத்தகங்களையும், சொத்துப் பட்டியலையும், யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்ற பட்டியலையும் ஒப்படைக்க வேண்டும். விசாரணை நாளில், வந்திருக்கும் கடன் கொடுத்தவர்களின் முன்னிலையில் நீதிபதி அவரை விசாரிப்பார். அவர்களும் கேள்வி கேட்கலாம். ‘இவ்வளவு தருகிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று அவர் சமரசம் பேச விரும்பினால் அதற்கென்று ஒரு நாள் குறித்து எல்லோருக்கும் நோட்டீஸ் போகும். கடனை மெய்ப்பித்தவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மையினரும், தொகைக் கணக்கில் முக்கால் பங்குக்கு உரியவர்களும் சம்மதித்தால்தான் அது நீதிபதியின் பரிசீலனைக்கே போகும். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் இவற்றின் மீது யாரும் கைவைக்க முடியாது. நம் இமாம்களும் முஃப்லிஸான ஒருவரின் சொத்தை விற்கும்போது அவருக்கு உடுதுணியை விட்டுவைக்க வேண்டும் என்றே கூறியிருக்கிறார்கள்.

இப்படி ஒரு நாளை நான் சிறு பிராயத்தில் என் கண்ணால் பார்த்தேன். என் அத்தா என்னையும் அழைத்துக்கொண்டு சப்-கோர்ட்டுக்குப் போனார்கள். திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரத்துக் கரிசல் காட்டுச் சம்சாரிகளிடம் மிளகாய் வற்றல் கொள்முதல் செய்து மண்டி நடத்திய ஒருவர் ஐ.பி. போட்டிருந்தார். கிட்டங்கியில் மழை இறங்கி வற்றல் கறுத்துவிட்டது. மிச்சத்தை விற்கலாம் என்றால் விலை விழுந்துவிட்டது. அத்தா அவருக்கு 3,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தார்கள். அன்று அதுவே எங்கள் வீட்டின் மொத்தச் சேமிப்பு.

அந்த மனிதர் வக்கீல் அறையில் போய் ஒதுங்கவில்லை. தாழ்வாரத்தில் நின்று, வந்தவர் ஒவ்வொருவரிடமும் தாமே போனார். நம்மவர்களுக்கு ஸலாம் சொன்னார், மற்றவர்களைக் கைகூப்பி வணங்கினார். ஒரு கிராமத்துப் பெரியவர், ‘ஏன் பாய், என் மகள் கல்யாணத்துக்கு வச்சிருந்த வத்தலய்யா அது!’ என்று சத்தம் போட்டார். கேட்கக் கூசும் வார்த்தைகளும் வந்தன. மண்டிக்காரரின் மச்சான் முன்னே பாய்ந்தார். ‘பேசட்டும் மச்சான். கொடுத்தவர் அவர், பேச அவருக்கு உரிமை இருக்கிறது’ என்று மண்டிக்காரர் தடுத்துவிட்டார். அவருக்கு ஹதீது தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நாயகம் (ஸல்) அவர்களிடமே ஒருவர் தம் ஒட்டகக் கடனைக் கடுமையாகக் கேட்டபோது, தோழர்கள் அவரைத் தாக்க எழுந்தார்கள் என்றும், அவரை விட்டுவிடுங்கள், உரிமையுடையவருக்குப் பேசும் உரிமையும் உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்றும் புகாரியில் வருகிறது.

கடன் கொடுத்தவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். மதீனாவில் அது நடந்திருக்கிறது. ஹஜ்ரத் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் கையில் எதையும் தங்கவிடாத கொடையாளி. கடன் ஏறி ஏறிச் சொத்து முழுவதையும் விழுங்கிவிட்டது. கடன் கொடுத்தவர்களிடம் தமக்காகப் பேசுமாறு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் பேசினார்கள். ஆனாலும் அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. முடிவில் முஆத் (ரலி) அவர்களின் சொத்து விற்கப்பட்டுக் கடனுக்கு ஈடு செய்யப்பட்டது. நொடித்துப் போன அதே மனிதரைத்தான் பின்னர் நாயகம் (ஸல்) அவர்கள் யமன் நாட்டுக்குப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் வீட்டில் பெண் எடுக்க மறுக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்திலும் ஒன்று நடந்தது. ஜுஹைனா கோத்திரத்தைச் சேர்ந்த உஸைஃபிஃ என்பவர், ஹாஜிகள் எல்லோருக்கும் முன்னே ஊர் வந்து சேர்ந்தார் என்ற பெயருக்காக அதிக விலையில் ஒட்டகங்களைக் கடனுக்கு வாங்கினார், திவாலானார். உமர் (ரலி) அவர்கள் மக்களுக்குப் பகிரங்கமாக அறிவித்தார்கள்: அவர் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறாரோ அவர்கள் காலையில் வந்தால் அவருடைய பொருள் பங்கிடப்படும் என்று. இது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. ஊதாரித்தனத்தால் விழுந்தவரைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் கடிந்து பேசினார்கள். கொடைத்தனத்தால் விழுந்த முஆத் (ரலி) அவர்களை யாரும் இழிவாகப் பேசவில்லை. எப்படி விழுந்தார் என்பதை மார்க்கமும் கேட்கிறது. சொத்து ரூபாய்க்கு எட்டணா அளவுக்குத் தேறாவிட்டால், அது தன் பொறுப்பில் அடங்காத காரணத்தால் வந்தது என்று காட்டும்படி 1920-ஆம் வருடத்துச் சட்டமும் கேட்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். முஸ்லிம் ஷரீபில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீது உண்டு. ஒருவர் வாங்கிய கனிகளில் நஷ்டம் ஏற்பட்டுக் கடன் பெருகிவிட்டது. அவருக்குத் தர்மம் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மக்கள் கொடுத்தும் கடன் அடையவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தவிர உங்களுக்கு வேறில்லை என்று கூறிவிட்டார்கள். ‘பார்த்தீர்களா, கோர்ட்டு விடுதலையும் இதுதானே? மீதிக் கடன் தள்ளுபடியாகிவிட்டதே!’ என்று ஒருவர் வாதிக்கலாம். வாதம் பலவீனமானதல்ல, அதனால்தான் அதைச் சொல்கிறேன். ஆனால் ஹதீதுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) போன்றோர், அவர் வசதியற்றிருக்கும் வரை அவரை நெருக்கவோ சிறையிலிடவோ உங்களுக்கு உரிமையில்லை என்பதே இதன் கருத்து என்கிறார்கள். திருமறையின் பகரா அத்தியாயம் சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்வதும், தர்மமாக விட்டுவிடுவது கொடுத்தவருக்கு மேலானது என்று தனியே சொல்வதும் இதனோடு பொருந்துகிறது. அவகாசம் அவருடைய உரிமை. தள்ளுபடியோ கொடுத்தவரின் மனம்.

ஆகவே நீதிபதி தரக்கூடியது ஒன்று, கடன் கொடுத்தவர் தரக்கூடியது வேறொன்று. சிறையிலிருந்தும் ஜப்தியிலிருந்தும் காப்பாற்ற நீதிபதியால் முடியும். ஒருவர் ஹக்கை இன்னொருவருக்காக மன்னிக்க அவரால் முடியாது. ஷஹீதின் பாவங்களெல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்றிருக்கும்போது ஒரு கோர்ட்டு முத்திரை எம்மாத்திரம்? முஃப்லிஸ் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கேட்டு, தொழுகையும் நோன்பும் ஜக்காத்தும் கொண்டுவந்து, பிறர் பொருளைத் தின்றதற்காகவும் பிறரை ஏசி அடித்ததற்காகவும் அந்த நன்மைகளை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே அவன் என்று விளக்கியதை எல்லா வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். அதுவும் கடன் கொடுத்தவர்களின் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் அவகாசம் கேட்க முடியாது.

அப்படியானால் இங்குள்ள கூட்டத்துக்கு ஓடிப்போய் நிற்க வேண்டுமல்லவா? கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் சந்தித்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, ‘பொருந்திக் கொள்ளுங்கள், அல்லது அவகாசம் தாருங்கள்’ என்று கேட்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் அது. வெட்கத்துக்கு அஞ்சி அதைத் தவறவிடுகிறவர் பிறகு ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டும்.

ஆனால் பட்டியல் உண்மையாக இருக்க வேண்டும். புரோநோட்டு உள்ளவர் பெயரை எழுதாவிட்டாலும் அவரே வந்து எழுதிக்கொள்வார். மூட்டை தூக்கியவரின் கூலிப் பாக்கி, பக்கத்து வீட்டு விதவைப் பெண் நம்பிக் கொடுத்துவைத்த பணம், இவற்றுக்குச் சீட்டு ஏது? கடன்பட்டவர் தம் கையால் எழுதினால்தான் உண்டு. மனைவியின் மஹர் பாக்கியும் கடன்தான். மற்றவர்களோடு அவளுக்கும் பங்கு உண்டு. பல வீடுகளில் அந்த அம்மாளுக்கே இது தெரியாது. இதற்கு நேர் எதிராக, கொடுக்க வேண்டியதற்கு மேல் மஹர் என்று கதை கட்டி வீட்டை மனைவி பேரில் எழுதிவைத்துவிட்டு மனுப் போடுபவர்களும் உண்டு. மனுவுக்கு முந்திய இரண்டு வருடத்துக்குள் நடந்த இத்தகைய மாற்றத்தைச் செல்லாதென்று ரத்துச் செய்ய சட்டத்தில் இடமிருக்கிறது. மூன்றாம் வருடத்தில் எழுதியவர் சட்டத்திடமிருந்து தப்பலாம்.

கொடுத்தவர்களுக்கும் ஒரு சொல். (நம் தமிழில் ‘கடன்காரர்’ என்றால் கொடுத்தவரும் அவர்தான், வாங்கியவரும் அவர்தான், இருவரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள் போலும்.) வசதி இருந்தும் இழுத்தடிப்பவனை நெருக்குவது உங்கள் உரிமை. இல்லாதவரை நெருக்குவது அப்படியல்ல. முஸ்லிம் ஒருவர் அங்கே போய் அசலுக்கு மேல் வட்டிக் கணக்கையும் சேர்த்து நீட்டினால், ஹராமை மெய்ப்பிக்கக் கோர்ட்டுக்குப் போனவராகிறார். இன்னொன்று: வராத கடனைத் தள்ளிவிட்டு, கையிலுள்ள பொருளுக்குரிய ஜக்காத்தாக அதைக் கணக்கெழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் இமாம்களின் பொதுவான முடிவு, அப்படி ஆகாது என்பதே. ஆனால் கடனில் மூழ்கியவர் ஜக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் ஒருவர். அவர் கையில் ஜக்காத்தைக் கொடுங்கள். அதைக் கொண்டு யாருக்கு அடைப்பது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

அந்த மண்டிக்காரர் விஷயம் முடியவில்லை. ரூபாய்க்கு 40 பைசா வீதம் பங்கு கிடைத்தது. அத்தாவுக்கு 1,200 ரூபாய் வந்தது. நாளடைவில் அவருக்குக் கோர்ட்டு விடுதலையும் கிடைத்தது. அவர் வேறொரு மண்டியில் கணக்கெழுதப் போனார். அத்தா அதைப் பற்றி வீட்டில் பேசி நான் கேட்டதில்லை.

பல வருடங்கள் சென்று அத்தா மவுத்தானார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன், வழக்கப்படி நான் முன்னே நின்று, மய்யித்து யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள், நான் பொறுப்பு என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மூன்றாவது ஸப்பிலிருந்து ஒரு கிழவர் கையை உயர்த்தினார். ‘எனக்கு அவர் தர வேண்டியதில்லை தம்பி. நான்தான் அவருக்குத் தர வேண்டும். 1,800 ரூபாய். 700 கொடுத்துவிட்டேன், 1,100 பாக்கி’ என்றார்.

அந்த 700-ஐ அத்தா வாங்கியதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விட்டுவிட்டேன் என்று அங்கேயே சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் அது என் பணமல்ல; அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இத்தாவில் இருந்த அம்மா திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘வாங்கிக்கொள்ளப்பா. அத்தா மாதா மாதம் வாங்கியது அதற்காகத்தான். வாங்காவிட்டால் அந்த மனிதர் தூங்கமாட்டார்’ என்றார்கள்.

மாதம் 100 ரூபாய் வீதம், பதினோரு மாதம் வந்து கொடுத்தார்.