தைரியம் சொல்லுதல்

எனக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். பழைய புத்தகக் கடையில் அட்டை பிய்ந்துபோன ஓர் ஆங்கில–கிரேக்க அகராதி கிடைத்து, சில வருஷங்களாக என் மேஜைமேல் கிடக்கிறது. இன்றைய கிரேக்கர்கள் பேசும் மொழிக்கான அகராதி. புராதன கிரேக்கத்துக்கு நான் நம்பியிருப்பது ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் அவற்றின் அடிக்குறிப்புகளையும். எனவே இதைப் பண்டிதனின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வார்த்தையின் முன் நின்று தடுமாறிய வாசகன் எழுதிவைத்த குறிப்பு.

அந்த வார்த்தை கரேஜ். லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அப்படி ஆயிற்று. ஆங்கிலேயனின் பேச்சுமொழியில் தைரியம் முழுக்க உடம்புக்குள்தான் இருக்கிறது. கட்ஸ் என்றால் குடல். நெர்வ் என்றால் நரம்பு. ஈரல் வெளுத்துப்போனவன் கோழை. ப்ளக் என்பது கசாப்புக்காரன் ஆட்டிலிருந்து பிடுங்கி எடுக்கும் இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் சேர்ந்த கொத்து; பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் குத்துச்சண்டைக்காரர்களின் கொச்சையில் அது தைரியமாயிற்று. நம் கசாப்புக் கடையிலும் அந்தக் கொத்து உண்டு: ஈரக்குலை. ஆனால் நமக்கு ஈரக்குலை நடுங்க மட்டுமே செய்யும். அதில் தைரியம் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதையெல்லாம் கிரேக்கத்தில் தேடிப் போனால் விசித்திரமாக இருக்கிறது. ஆங்கிலேயனின் குடல் அங்கே கணுக்கால் எலும்பாக இறங்கிவிடுகிறது. 'கோத்சியா' இருக்கிறதா உனக்கு என்றால் கணுக்கால் எலும்பு இருக்கிறதா என்று அர்த்தம். பயந்துபோனால் கிரேக்கனுக்கு முழங்கால் அறுந்துவிடுகிறது, பித்தம் அறுந்துவிடுகிறது. இவை வேடிக்கைகள். இவற்றை விட்டுவிடலாம்.

விட முடியாதவை வேறு சில.

புராதன கிரேக்கத்தில் தைரியத்துக்கான பெரிய வார்த்தை அந்த்ரேயா. ஆண் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம்முடைய ஆண்மையேதான், அதன் எல்லா அசட்டுத்தனங்களோடும். ஆணின் தைரியம் ஆள்வதில் தெரியும், பெண்ணின் தைரியம் பணிவதில் தெரியும் என்று அரிஸ்டாட்டில் கொஞ்சமும் கூச்சமின்றி எழுதிவைத்தார். அவருக்கு முன்பே ஸோஃபக்ளீஸின் எலெக்ட்ரா, தந்தையைக் கொன்றவனைத் தாங்கள் இருவருமே பழிதீர்க்கலாம் என்று தங்கையிடம் வாதாடும்போது, ஊரார் நாளை நம்மைச் சுட்டிக்காட்டி இப்படியெல்லாம் புகழ்வார்கள் என்று கற்பனை செய்துகொண்டு போகிறாள். அந்தப் புகழ்ச்சியில் அந்த்ரேயா வருகிறது. பெண் அந்த வார்த்தையைக் கைப்பற்றுவது இருக்கட்டும்; எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தன்னிடம் அந்த்ரேயா இருப்பதாக அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஊர் வாயில் வைத்துச் சொல்கிறாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் தொடங்கிற்று. தைரியம் என்ற வார்த்தைக்குத் தன்மை இடம் கிடையாதோ? 'நான் தைரியசாலி' என்று ஒருவன் சொன்னால் சிரிப்பு வருகிறது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றால் வருவதில்லை. பயம் உள்ளிருந்து தெரிகிறது. தைரியம் அடுத்தவனுக்குத்தான் தெரிகிறது. அல்லது அடுத்தவன் அதை நம்மீது வைக்கிறான்.

ப்ளேட்டோவின் 'லாக்கீஸ்' என்ற உரையாடலை இந்தச் சந்தேகத்தோடு மறுபடி படித்தேன். இரண்டு தளபதிகள், லாக்கீஸும் நிக்கியாஸும், தைரியம் என்றால் என்ன என்று ஸாக்ரடீஸுடன் பேசுகிறார்கள். கி.மு. 424இல் டெலியத்தில் ஏதென்ஸ் படை தோற்றுப் பின்வாங்கியபோது ஸாக்ரடீஸ் எப்படி நடந்துகொண்டார் என்பதை லாக்கீஸ் கண்ணால் பார்த்தவர். அதைப் புகழ்ந்து பேசுகிறார். ஆனால் தைரியத்துக்கு வரையறை சொல் என்றால், அணியில் தன் இடத்தை விட்டு ஓடாமல் நிற்பது என்கிறார். பின்வாங்கியபடியே போரிடும் ஸிதியர்கள்? என்று ஸாக்ரடீஸ் கேட்டதும் அது நொறுங்குகிறது. அடுத்தது, ஆத்மாவின் தாங்கும் சக்தி. மூடத்தனமாகத் தாங்குவது? அதுவும் போயிற்று. நிக்கியாஸ் நுட்பமானவர்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற அறிவே தைரியம் என்கிறார். அதுவும் நிற்கவில்லை. ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்துபோகிறார்கள்.

இதை ஒரு தர்க்க விளையாட்டாகப் படிப்பவர்கள் உண்டு. ப்ளேட்டோ எழுதும்போது இருவரும் செத்துப்போயிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. லாக்கீஸ் கி.மு. 418இல் மான்டினியா சண்டையில் செத்தார். கி.மு. 413இல் ஸிஸிலியிலிருந்து படையை மீட்டுக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரத்தில் சந்திர கிரகணம் வந்தது. மூன்று ஒன்பது நாட்கள் பொறுக்க வேண்டும் என்றார்கள் குறிசொல்பவர்கள். நிக்கியாஸ் பொறுத்தார். படை அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார். சட்டப்படி குறிசொல்பவன் தளபதிக்குக் கட்டுப்பட்டவன், தளபதி அவனுக்கு அல்ல என்று அவரிடமே ஸாக்ரடீஸ் அந்த உரையாடலில் சொல்லியிருக்கிறார். ஒருவரிடம் ஒருவர் கண்ட தைரியத்தை அடையாளம் சொல்ல முடிந்தவர்களுக்கு, தன்னுடையதை எடுத்துக் காட்டு என்றபோது கையில் ஒன்றுமில்லை.

வார்த்தை அடுத்தவன் கையில் இருக்கிறது என்றால், அவன் அதை எப்படியும் பயன்படுத்தலாம். கி.மு. 427இல் கார்சிரா தீவில் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது வார்த்தைகளின் மதிப்பு எப்படித் தலைகீழாயிற்று என்று துஸிடிடீஸ் எழுதியிருக்கிறார். யோசனையற்ற முரட்டுத்தனம் கட்சி விசுவாசமுள்ள அந்த்ரேயா ஆனது. தயங்கி யோசித்தவன் சாக்குச் சொல்லும் கோழையானான். நிதானம், ஆண்மையின்மையை மறைக்கும் போர்வையானது. இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் 1914 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் ஊரில் ஓர் ஓய்வுபெற்ற அட்மிரல் முப்பது பெண்களைத் திரட்டி, ராணுவ உடுப்பு அணியாத ஆண்களின் கையில் வெள்ளை இறகைக் கொடுக்கச் செய்தார். அந்த யுத்தத்தில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் இன்ன பிற குற்றங்களுக்காகவும் தங்கள் தரப்பாலேயே சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது. 1940இல் பிரிட்டிஷ் விமானப்படை, மருத்துவக் காரணம் இல்லாமல் பறக்க மறுத்தவர்களுக்காக ஒரு சொற்றொடரைக் கண்டுபிடித்தது: 'மாரல் ஃபைபர்' குறைந்தவர்கள். தார்மிக நார்ச்சத்து என்று கிண்டலாகத்தான் மொழிபெயர்க்க வருகிறது. எத்தனையோ முறை பறந்துவிட்டு ஒரு நாள் முடியாது என்றவனுக்கும் அந்தப் பட்டம் கிடைக்கலாம். மார்பிலிருந்த சிறகுச் சின்னத்தைப் பறித்துக்கொண்டார்கள். குண்டுவீச்சுப் பிரிவில் ஏறக்குறைய 1,25,000 விமானிகளில் 55,573 பேர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களைத் தினமும் ஏற வைத்தது தைரியமா, அந்தச் சொற்றொடர் மீதிருந்த பயமா?

அரிஸ்டாட்டில் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார். அவமானத்துக்கு அஞ்சியும் கௌரவத்துக்காகவும் நிற்கும் பிரஜையின் தைரியம், உண்மையான தைரியத்துக்கு மிக அருகில் வந்தாலும் உண்மையானது அல்ல. தண்டனைக்குப் பயந்து நிற்பவனுடையது அதற்கும் கீழே. சரி. உண்மையானதை யார் பார்த்தது?

இப்போது அகராதிக்குத் திரும்புகிறேன். அந்த்ரேயா இன்று மேடைப் பேச்சுக்கும் பதக்கத்துக்கும் உரிய வார்த்தை. பேச்சில் புழங்குவது தார்ரோஸ். அதன் கூடப் பிறந்த வார்த்தை த்ராசோஸ். ஓரெழுத்து இடம் மாறிய ஒரே வேர். முன்னது தைரியம், பின்னது திமிர். நாம் இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு தொனியால் சமாளிக்கிறோம்: 'தைரியமா போ', 'என்ன தைரியம் உனக்கு'. ஒருவனுக்குத் தார்ரோஸ் கொடுத்துவிட்டாய் என்று கிரேக்கன் குறைசொன்னால், ரொம்ப இடம் கொடுத்துவிட்டாய் என்று பொருள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: குராயோ. இத்தாலியனிடமிருந்து கடன் வாங்கியது. அதே லத்தீன் இதயம்தான். ஆங்கிலேயனின் கரேஜுக்கு உடன்பிறப்பு. ஆனால் ஒருவன் குதிரையேறிப் போருக்குப் போவதைக் குறிக்க முதலில் வருவது இது அல்ல. வியாதிக்காரனிடம், பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், வேலை போனவனிடம் தோளைத் தொட்டு 'குராயோ' என்பார்கள். நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் 'தைரியமா இருங்க' என்று சொல்வோமே, அதேதான். கிரேக்கன் குராயோ கொடுக்கிறான். நாம் தைரியம் சொல்கிறோம். இங்கேயும் வார்த்தை முன்னிலைக்கு உரியது. ஆனால் இங்கே அது இறகாக இல்லை.

ஹோமரின் ஒடிஸியஸ் சொந்த வீட்டுத் திண்ணையில் பிச்சைக்காரனாகப் படுத்திருக்கிறான். எதிரிகளோடு குலவப் போகும் பணிப்பெண்களின் சிரிப்பு கேட்கிறது. அவன் மார்பில் அடித்துத் தன் இதயத்தை அதட்டுகிறான், பொறுத்துக்கொள்ளச் சொல்லி. அந்த இடத்தில் வரும் வினைச்சொல்லும், துணிந்து பாய்வதைக் குறிக்கும் 'தோல்மா'வும் ஒரே வேர் என்கிறார்கள் அறிஞர்கள். பாய்வதும் தாங்குவதும் அங்கே இன்னும் பிரியவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லாதபோது அவன் தன் நெஞ்சையே 'நீ' என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது அகராதி அல்ல. 1976 பிப்ரவரி. அப்போது நாங்கள் நடத்தி வந்த பத்திரிகைக்கு ஒரு நண்பர் கவிதை கொடுத்திருந்தார். யாரைப் பற்றியது என்று படித்தவர்களுக்குத் தெரியும். அச்சுக் கோத்தாகிவிட்டது. புரூஃபும் பார்த்தாகிவிட்டது. ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. தணிக்கை இறுகுகிறது என்ற பேச்சு. நான் அச்சகத்துக்குப் போய் அந்தப் பக்கத்து எழுத்துக்களைக் கலைத்துப் போடச் சொன்னேன். ஒரு புத்தக மதிப்புரையை வைத்து இடத்தை நிரப்பினோம். பத்திரிகை நிற்க வேண்டும், அவருக்கு சர்க்கார் உத்தியோகம், இரண்டு குழந்தைகள் என்று காரணங்கள் இருந்தன. எல்லாமே உண்மையான காரணங்கள். அவரை முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைத் தவிர. அதை நிதானம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். கார்சிராவில் நடந்ததை நான் எதிர்த்திசையில் செய்தேன் என்று, துஸிடிடீஸைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது தோன்றியது. இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் "நிதானமாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். அதே வார்த்தை. ஆறுதலாகச் சொன்னாரா, இல்லையா என்பதை அவர் குரலிலிருந்து என்னால் அன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கவிதையை அவர் வேறு எங்கும் கொடுக்கவில்லை. கைப்பிரதியும் இல்லை.

பிறகும் நண்பர்களாகத்தான் இருந்தோம். கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். ஒருபக்கம் வீங்கிய முகம். என்ன பேசுவதென்று தெரியாமல், எல்லோரும் சொல்வதுதானே என்று, "தைரியமா இருங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, ஸ்டூல்மேல் இருந்த டம்ளரை எடுத்துத் தரச் சொன்னார்.